உமிச் சாம்பல் மனு

எழுதுங்கம்மா. மேல கலெக்டருக்குன்னு போட்டுட்டீங்கல்ல? சரி, கீழ என் விவரம். மாசிலாமணி, தகப்பனார் பேரு ஜெயவேலு, கொளத்தமேடு கிராமம், ஆரணி தாலுகா. தொழில் மேஸ்திரி. கொத்தனார்னு போட்டுடாதீங்க. சுவரு வைக்கிறவன் கொத்தனார், அவனை வச்சு வேலை வாங்குறவன் மேஸ்திரி. இருபத்தாறு வருஷமா மேஸ்திரி. இப்போ ஊர்ல என்னை என்னான்னு கூப்பிடுறாங்க தெரியுமா? சாம்பல் மேஸ்திரி. டீக்கடையில என் காதுபடவே சொல்றாங்க. அதையும் எழுதுங்க. இல்ல, அது வேண்டாம். எழுதினா இங்க இருக்கிறவங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க.

மனு யாரு மேலன்னு கேக்குறீங்களா? ஒன்றிய இன்ஜினியர் மேலதான். வயசுல என் மவனுக்குச் சமானம். அவரு எழுதி வச்சிருக்காரு: 'சாம்பல் கலந்ததால் உலர்களம் கெட்டுவிட்டது, இனி இந்த ஒன்றியத்தில் எந்தப் பணிக்கும் சாம்பல் கலந்த கான்கிரீட் கூடாது.' இவ்வளவுதான் எழுதினாரு. அதுல எங்க ஊர்ல ஒன்பது பொம்பளைங்க வேலை நின்னு போச்சு. அதுல ஒருத்தி என் சம்சாரம், பச்சையம்மா. அவ என்கிட்ட பேசி மூணு வாரம் ஆச்சு. பேசலைன்னா, சோறு போடுறா, குழம்பு ஊத்தட்டுமான்னு கேக்குறா. ஆனா பேசலை.

ஏம்மா, பேனாவைக் கீழ வச்சிட்டீங்க? முதல்ல இருந்து சொல்லணுமா? சொல்றேன், எனக்கென்ன. இங்க டோக்கன் கூப்பிட இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு.

எங்க ஊருக்கும் ஏரிக்கும் நடுவுல ஒரு ரைஸ்மில் இருக்கு. நெல்லு அவிக்கிற பாய்லருக்கு உமியைத்தான் எரிப்பாங்க. எரிச்ச சாம்பலை ஏரிக்கரை ஓரமா கொண்டாந்து கொட்டுவாங்க. கொட்டிக் கொட்டி அது ஒரு கருப்பு மலையாவே ஆயிடுச்சு. ஆடி மாசம் காத்தடிச்சா போச்சு. காயப்போட்ட வேட்டி சாம்பலாயிடும், சோத்துல சாம்பல், கண்ணுல சாம்பல். இந்தக் கதையோட இதே ஆபீசுக்கு ஊரே திரண்டு வந்திருக்கோம். ஒண்ணும் நடக்கலை.

அப்போதான் காலேஜ்ல இருந்து ஒரு மேடம் வந்தாங்க. ஷகிலா பானு மேடம். இன்ஜினியரிங் காலேஜ்ல கட்டடப் பாடம் எடுக்கிறவங்க. விசாரிச்சுக்கிட்டு நேரா என் வீட்டுக்குத்தான் வந்தாங்க. "மேஸ்திரி, நூறு பங்கு சிமெண்டுல பதினஞ்சு பங்கைக் குறைச்சுட்டு, அதுக்குப் பதிலா உமிச் சாம்பலைப் போட்டாலும் கான்கிரீட் நிக்கும். நல்லாவே நிக்கும். உங்களை மாதிரி அனுபவசாலி செஞ்சு காட்டினாத்தான் ஊர் நம்பும்"னாங்க. அனுபவசாலின்னு சொன்னாங்க. அதை எழுதுங்க.

நான் சிரிச்சேன். "சாம்பல் பாத்திரம் தேய்க்க ஆகும் மேடம்"னேன். அவங்க கோவிச்சுக்கலை. ஏரிக்கரையில கொட்டிக் கிடக்கிறது ஆகாதாம். அது அரைகுறையா வெந்த கரி. தண்ணியைத்தான் குடிக்கும், பலம் தராதுன்னாங்க. உமியைத் தனியா, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட டிரம்முல, மெதுவா எரிக்கணும். வெளுப்பா வரும். அதை மாவு மாதிரி அரைச்சுக் கலக்கணும். இன்னொண்ணு, இந்தக் கான்கிரீட் மெதுவாத்தான் பலம் பிடிக்கும், அதனால மூணு வாரம் ஈரம் காயாம வச்சிருக்கணும். இதையெல்லாம் ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்கு ஒரு தடவை சொன்னாலே புரியும்.

எங்க தோட்டத்துலதான் டிரம் வச்சோம். அங்கதான் எனக்கும் அவளுக்கும் ஆரம்பிச்சது. நெருப்புன்னா கிளறணும்ல? நான் கம்பியை விட்டுக் கிளறுவேன். கிளறினா கருப்பாத்தான் வந்துச்சு. பச்சையம்மா கிளற மாட்டா. "தானா வேகட்டும், விடுங்க"ம்பா. பக்கத்துல உக்காந்து புகையை மட்டும் பாத்துக்கிட்டே இருப்பா. புகை நிறம் மாறினா ஒரு ஓட்டையை மண்ணு வச்சு அடைப்பா, இன்னொண்ணைத் தொறப்பா. மறுநாள் கொட்டிப் பாத்தா நெத்தியில பூசிக்கலாம், அப்படி இருக்கும். மேடம் அதைக் கையில வாங்கி, "இது எப்படிம்மா?"ன்னு அவகிட்டயே கேக்குறாங்க. நான் ஒருத்தன் மேஸ்திரி, அங்கேயே நிக்கிறேன். இருபது வருஷம் எனக்குச் சித்தாளா கலவை தூக்கினவ அவ. அவளுக்குக் கலவையைப் பத்தி என்ன தெரியும்? எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. இதை எழுத வேண்டாம், சும்மா சொன்னேன்.

அப்புறம் சோதனைக்குன்னு கான்கிரீட் கட்டி வார்த்தோம். சதுரமா, இவ்வளவு பெருசு. சாம்பல் போட்டது கொஞ்சம், போடாதது கொஞ்சம். காலேஜ்ல அதை அமுக்கி உடைக்கிற மிஷின் இருக்கு. ஏழாம் நாள் உடைச்சப்போ சாம்பல் கட்டிதான் முதல்ல உடைஞ்சது. "பாத்தீங்களா மேடம்"னேன். அவங்க, "இருங்க, அவசரப்படாதீங்க"ன்னாங்க. இருபத்தெட்டாம் நாள் மறுபடி உடைச்சாங்க. சாதாக் கட்டி உடைஞ்சது. சாம்பல் கட்டி நிக்குது. மிஷின் முள்ளு ஏறுது, ஏறுது, அது நிக்குது. அப்புறம்தான் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். பச்சையம்மா கையைத் தட்டிட்டா, சின்னப் பொண்ணு மாதிரி. எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க ஊரு மண்ணுல விளைஞ்சு, எங்க கண்ணை எரிச்ச சாம்பல் அது.

அதுக்கப்புறம் மேடம் எங்கேயோ சொல்லி, நடைபாதைக்குப் போடுற கல்லுக்கு அச்சு வாங்கிக் குடுத்தாங்க. அறுகோணக் கல்லு. ஒன்பது பொம்பளைங்க சேர்ந்து வார்த்தாங்க. "இட்லி சுடுறீங்களா?"ன்னு கேலி பண்ணுவேன். தார்ப்பாய்ல தொட்டி மாதிரி கட்டி, கல்லைத் தண்ணியில ஊறப் போட்டு, சுவத்துல கரிக்கோடு இழுத்து நாள் எண்ணுவாங்க. அங்கன்வாடி வாசலுக்கு அவங்க கல்லுதான் கிடக்குது. ரெண்டு மழை பாத்தாச்சு, ஒரு கல்லு அசையலை. இது முக்கியம், எழுதுங்க.

இப்போ களத்துக்கு வர்றேன். நெல்லு காயப் போடுற களம். அறுபதுக்கு நாப்பது அடி. பஞ்சாயத்து வேலை, எனக்குத்தான் வந்துச்சு. மேடம் ஒன்றிய ஆபீசுக்கே போய்ப் பேசி, சோதனைக்காக இந்த ஒரு தளத்துல மட்டும் பதினஞ்சு பங்கு சாம்பல் போட்டுக்கலாம்னு அனுமதி வாங்கினாங்க. அந்த இன்ஜினியர்தான் கையெழுத்துப் போட்டாரு. அப்போ நல்லாத்தான் இருந்தாரு.

முதல் நாள் வடகிழக்கு மூலையில பூஜை போட்டு ஆரம்பிச்சோம். பச்சையம்மா கூட்டம் அரைச்ச வெள்ளைச் சாம்பல் எட்டு மூட்டை. அது அந்த மூலைக்குத்தான் வந்துச்சு. மீதிக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும்னாங்க. டிரம்முல ஆற அமரத்தானே எரிக்கணும். அந்த நேரம் பாத்து எங்க பஞ்சாயத்துத் தலைவரு வேதகிரி வந்து நிக்கிறாரு. "மேஸ்திரி, ஒன்றிய சேர்மன் திறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாரு, இன்னும் பன்னெண்டு நாள்தான்."

நான் என்னம்மா பண்றது? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பக்கத்துலயே மலையா குவிஞ்சு கிடக்குது சாம்பல். டிராக்டர் விட்டு அள்ளினேன். கொசுவலையில சலிச்சேன். சலிச்சேன்மா, அப்படியே போடலை. அதுவும் பதினஞ்சு இல்லை, மூணுல ஒரு பங்கு போட்டேன். ஏன்னா, மேடம் புஸ்தகத்தைப் பாத்துப் பதினஞ்சுன்னாங்க. நான் கையால செஞ்சு முப்பத்து மூணுன்னு காட்டினா? காலேஜ்ல எல்லாரும் மாசிலாமணி கலவைன்னு சொல்லுவாங்கல்ல? அப்படி நெனைச்சேன். ஆசைதான். இதையெல்லாம் எழுத வேண்டாம்.

பச்சையம்மா அன்னைக்குக் கலவை தூக்க வந்திருந்தா. சட்டியைத் தலையில ஏத்தாம, குனிஞ்சு ஒரு பிடி அள்ளிப் பாத்தா. "என்னங்க, இது கருப்பா இருக்குது"ன்னா.

"சிமெண்டும்தான் வெள்ளையா இல்லை"ன்னேன்.

"இது கரிங்க. மேடம் வேண்டாம்னாங்கல்ல. ஒரு வாரம் பொறுங்க, நாங்க ஒன்பது பேரும் ராப்பகலா அரைச்சுத் தந்துடுறோம்."

"இங்க மேஸ்திரி நானா, நீயா?"

அவ்வளவுதான். சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. கலவை இறுகிக்கிச்சு, மட்டப்பலகையில இழுபடலை. தண்ணி ஊத்தினேன். கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் ஊத்தினேன். பாக்கறதுக்கு அம்சமா இருந்துச்சு, வழவழன்னு. சேர்மனே குனிஞ்சு தடவிப் பாத்தாரு.

ஈரமா? வச்சிருந்தேன். ஒரு வாரம் வைக்கோல் போட்டுத் தண்ணி விட்டேன். அப்புறம் பந்தல்காரங்க வந்துட்டாங்க. வைக்கோலோட எப்படிம்மா விழா நடத்துறது? எடுத்துட்டோம். பந்தல் அந்த வடகிழக்கு மூலைக்கு வரலை. அதனால அங்க மட்டும் பச்சையம்மா கூட்டம் ஈரச் சாக்கைப் போட்டு, விழா முடிஞ்சும் தினம் அடிபம்புல இருந்து குடத்துல கொண்டாந்து ஊத்திக்கிட்டே இருந்தாங்க. "தண்ணியை ஏன் வீணாக்குறீங்க?"ன்னு நான் சத்தம் கூடப் போட்டேன். கேக்கலை.

அறுவடை வந்துச்சு. முதல்ல காயப் போட்டது எங்க ஊர் தேசிங்குவோட நெல்லு. குத்தகை நிலம், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் பாடு. களத்துல கொட்டிக் காலால துழாவி விட்டாங்க. சாயந்தரம் விளக்குமாறு போட்டுக் கூட்டினா, தளமும் கூடவே வருது. கருப்புத் தூசியா எழும்புது. நெல்லு மேல கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு பேரும் மூணு நாள் முறத்துல போட்டுப் புடைச்சும் போகலை.

தேசிங்கு என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். என் வீட்டு வாசலுக்கு வந்தான், என் கையைப் பிடிச்சான், ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில வச்சு மூடிட்டுப் போயிட்டான். தொறந்து பாத்தா கையெல்லாம் கருப்பு. ரெண்டு தடவை சோப்புப் போட்டேன்.

அப்புறம்தான் இன்ஜினியர் வந்தாரு. கையில சுத்தியல். தலைவரு, தேசிங்கு, ஊர் சனம், இந்தப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி நிக்கிறாங்க. தட்டுற இடமெல்லாம் பொலபொலன்னு உதிருது. தட்டிக்கிட்டே போனவரு வடகிழக்கு மூலைக்கு வந்தாரு. தட்டினாரு. கணீர்னு சத்தம். சுத்தியல் எகிறுது. இன்னொரு தடவை ஓங்கித் தட்டினாரு. ஒரு சில்லு பேரலை. நிமிர்ந்து என்னைப் பாத்தாரு.

"மேஸ்திரி, இந்த மூலையில மட்டும் வேற என்ன போட்டீங்க?"

எழுதுறீங்களாம்மா? இதைக் கொஞ்சம் நிறுத்துங்க.

"எல்லா இடத்துலயும் ஒரே கலவைதான் சார்"னேன்.

"அதே சாம்பல்? அதே பதினஞ்சு பங்கு?"

"அதேதான் சார்."

ஊரே பாக்குது. வேற என்ன சொல்றது? இருபத்தாறு வருஷம்மா. அவரு சுத்தியலைக் கீழ இறக்கினாரு. "அப்போ சாம்பலை நம்ப முடியாது, ஒரே கலவை ஒரு இடத்துல நிக்குது, ஒரு இடத்துல உதிருது"ன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. மறுவாரம் ஆர்டர் வந்துச்சு. நான் அதைத்தான் கேக்குறேன். படிச்சவருதானே? ஒரு பிடி அள்ளி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கலாம்ல? என்னை இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாம்ல? ஒரு மனுஷன் சொன்னா அப்படியே எழுதிக்கிறதா?

மேடம் போன் பண்ணாங்க. "பதினஞ்சுதானே போட்டீங்க மேஸ்திரி?" ஆமான்னேன். அவங்ககிட்ட மாத்திச் சொல்ல முடியுமா? இப்போ அவங்க பழைய நோட்டையெல்லாம் பிரிச்சு வச்சுக்கிட்டு, எங்க தப்புன்னு தேடுறாங்களாம். மறுபடி கட்டி வார்த்து உடைச்சுப் பாக்குறாங்களாம். காலேஜ்ல வேலை செய்யுற எங்க ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னாரு.

இவளைச் சொல்லுங்க முதல்ல. பச்சையம்மாவை. அன்னைக்கு இன்ஜினியர் கேக்குறப்போ எனக்கு ரெண்டடி பக்கத்துல நிக்கிறா. அந்த மூலையில அவ சாம்பல் கிடக்குது, அவ ஊத்தின தண்ணி கிடக்குது. அவளுக்குத் தெரியாதா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க வேலை நின்னிருக்குமா? அந்த எட்டுப் பேரும் அவ மூஞ்சியைத்தான் பாத்தாங்க. அவ என் மூஞ்சியைப் பாத்தா. அப்புறம் தரையைப் பாத்தா. சொல்லலை. தப்பு அவ மேலதானே?

என்ன கேட்டீங்க?

சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னா?

கை நீட்டுற ஆளு இல்லைம்மா நான். கேட்டுப் பாருங்க யாரை வேணா. "நீ சும்மா இரு"ன்னு சொல்லியிருப்பேன். ஊர் முன்னால. ஆமா, சொல்லியிருப்பேன். "சித்தாளுக்கு என்ன தெரியும்"னும் சொல்லியிருப்பேன்.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

அந்த ஒன்பது பேருல நாலு பேரு நடவுக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேரு செய்யாறு பக்கம் கம்பெனி பஸ்ஸுல ஏறிட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குன்னு வார்த்த கல்லு எங்க தோட்டத்துல அடுக்கிக் கிடக்குது. ஆர்டர் வந்தப்போ கடைசி அடுக்கு தொட்டியில ஊறிக்கிட்டு இருந்துச்சு. இனிமே அதை யாரும் வாங்க மாட்டாங்க. அவளுக்கும் தெரியும். ஆனா தினம் காலையில போய்த் தொட்டியில தண்ணி குறைஞ்சிருக்கான்னு பாக்குறா, குடத்துல கொண்டாந்து ஊத்துறா, சுவத்துல கரிக்கோடு ஒண்ணு இழுக்குறா. நேத்தோட இருபத்தோரு கோடு. நேத்து எல்லாத்தையும் வெளிய எடுத்து, ஒவ்வொண்ணாத் துடைச்சு அடுக்கினா. யாருக்குன்னு துடைக்கிறா? எனக்கு எரிச்சலா வந்துச்சு. "எதுக்குடி இதெல்லாம்?"னேன். அடுத்த கல்லை எடுத்துத் துடைச்சா. அதுலதான் இன்னைக்கு விடியக்காலை பஸ் ஏறி இங்க வந்துட்டேன்.

இப்போ சொல்லுங்க, சாம்பல் மேல தப்பு இல்லைன்னு ஒரு வரி. அந்த ஆர்டரை ரத்து பண்ணணும்னு ஒரு வரி. அவ்வளவு போதும்.

போதாதா? ஏன்? கலெக்டர் அதையே கேப்பாருங்கிறீங்களா? 'சாம்பல் மேல தப்பு இல்லைன்னா, தளம் ஏன் உதிர்ந்துச்சு?'

இன்ஜினியர் மேல எழுத முடியாதா? அவரு கையெழுத்துப் போட்டது பதினஞ்சுக்குத்தான். சரி. தலைவரு? தேதி குடுத்தாரு, சாம்பலை மாத்தச் சொல்லலை. மேடம் சரியாத்தான் சொன்னாங்க. மில்லுக்காரன் கொட்டினான், என்னை அள்ளச் சொல்லலை. நீங்க என்னம்மா, மனு எழுதுறீங்களா, கோர்ட்டு நடத்துறீங்களா? பக்கத்து மரத்தடியில இன்னொருத்தர் உக்காந்திருக்காரு. அவருகிட்டயே போயிருக்கலாம் நான். அவரு நாம சொன்னதை அப்படியே எழுதித் தருவாருன்னாங்க.

சரி. எழுதுங்க.

எழுதுங்கன்னு சொல்றேன்ல. வடகிழக்கு மூலையில போட்டது வேற சாம்பல், மீதியில போட்டது வேற. வெள்ளைச் சாம்பல் பெண்கள் குழு எரிச்சது, பதினஞ்சு பங்கு, அது இன்னைக்கும் நிக்குது. கருப்பு நான் அள்ளினது. மூணுல ஒரு பங்கு, அதுவும் நானா போட்டது. தண்ணி ஜாஸ்தி, ஈரமும் மூணு வாரம் வைக்கலை. ரெண்டு இடத்துலயும் ஆள் வந்து தோண்டி எடுத்துப் பாத்துக்கட்டும். தேசிங்கு நெல்லுக்கு நான்தான் பொறுப்பு. அவனுக்கு நான் செய்றேன், அது எங்களுக்குள்ள. இன்ஜினியர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்னு ஒரு வரி போடலாமா? வேண்டாமா? விடுங்க.

எங்க, படிங்க பாப்போம்.

'ஆய்வின்போது மனுதாரராகிய நான் உண்மைக்குப் புறம்பான தகவலை அளித்துவிட்டேன்.' அப்படித்தான் எழுதுவாங்களா? கலெக்டருக்கு அது சரி. ஆனா மாத்துங்க. 'நான் பொய் சொன்னேன்'னு போடுங்க. இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகணும். அவ எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. உண்மைக்குப் புறம்புன்னு போட்டா நடுவுல நின்னு என்கிட்ட அர்த்தம் கேப்பா. என்னால வாயால சொல்ல முடியாதும்மா. பொய்னா ரெண்டே எழுத்து. அவளே படிச்சிடுவா.